பளபளக்கும் குதிரை, பதுங்கி இருக்கும் நோய்! வாய் திறந்து கேட்காதவருக்குச் சட்டமும் கை கொடுக்காது

சிவகிரி,

குதிரை வாங்கப் போகிறவர் கண் முதலில் எங்கே போகிறது? சுழியில்! அடுத்து நிறத்தில்! அப்புறம் வாலில்!

குளம்பைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

தென்காசி மாவட்டம் சிவகிரியில் ஒருவருக்குச் சவாரிக் குதிரை வாங்க ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கே போவார்? ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு. அங்கே குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக்குதிரை எல்லாம் வரும்.

"தங்கமான குதிரைங்க! சின்னப் பையன் ஏறுனாலும் ஒண்ணும் பண்ணாதுங்க!" என்பார் விற்கிறவர்.

பணம் கை மாறும். குதிரை லாரி ஏறும். 300 கிலோ மீட்டருக்கு மேல் வந்து சிவகிரியில் இறங்கும். மூன்றாம் நாள் நொண்டும்!

வலி தெரியாமல் மருந்து

நேற்றுவரை ஓடிய குதிரை இன்று நொண்டுவானேன்? 'பினைல்பியூட்டசோன்' என்று ஒரு வலி மருந்து உண்டு. குதிரை வைத்தியத்தில் உலகம் முழுக்கப் பழக்கமானது. அதைக் கொடுத்துவிட்டால் கால் வலி மறைந்துவிடும். வியாதி மறையாது. ஒன்றிரண்டு நாளில் மருந்தின் வேகம் இறங்கியதும் குட்டு வெளிப்படும்.

குதிரையின் எடையில் நூற்றுக்கு 60 பங்கை முன்னங்கால்கள் சுமக்கின்றன. ஆகவே முன்னங்கால் குளம்பிலும் நரம்பிலும்தான் கோளாறு அதிகம். பாதி ஓட்டத்தில் அந்தக் கால் மடங்கினால் கீழே விழுவது குதிரை மட்டுமா? மேலே இருப்பவர் கழுத்தும் போகும்!

மனிதனையும் தொற்றும்

இதைவிடப் பொல்லாதது 'கிளாண்டர்ஸ்'. மூக்கில் சளி வடியும். மூக்கினுள் புண் வரும். தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பும். சில குதிரைகளில் வெளியே ஒன்றுமே தெரியாது. தடுப்பூசி கிடையாது. குதிரையைத் தொட்டுப் பழகுகிற மனிதரையும் பற்றும், உயிருக்கே ஆபத்து.

இது 2009ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட நோய். நோய் உறுதியானால் குதிரையை அழிக்க வேண்டியதுதான். அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இதற்கு ரத்தப் பரிசோதனை நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

"ஏமாத்திட்டான், கேஸ் போடுறேன்" என்று கிளம்புகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆவது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று விளக்க அந்தச் சட்டம் எடுத்துக்கொண்ட உதாரணமே குதிரைதான்!

குதிரைக்குக் கோளாறு இருப்பது தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் விற்கிறார். வாயே திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குகிறவர் இப்போதுதான் மேஜரான சொந்த மகள் என்றால் மட்டும் சொல்லியாக வேண்டுமாம். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை!

ஆனால் அதே பிரிவில் ஒரு வழியும் இருக்கிறது. "நீங்க இல்லைன்னு மறுக்கலேன்னா, நோய் நொடி இல்லாத குதிரைன்னு எடுத்துக்கிடுவேன்" என்று வாங்குகிறவர் கேட்டுவிட வேண்டும். அதற்கும் விற்கிறவர் மவுனம் சாதித்தால், அந்த மவுனம் பேச்சுக்குச் சமம். "கோளாறே இல்லை" என்று தெரிந்தே பொய் சொன்னாலும் மோசடிதான். ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. விற்கிறவர் மவுனமாக இருந்து ஏமாற்றிய வழக்கில், சாதாரணமாகக் கவனித்தாலே தெரிந்திருக்கும் கோளாறு என்றால், ரத்து கிடைக்காது. 19ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே கேட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது?

* முன்கூட்டி ஓட்டிக் காட்டிய குதிரையை நம்பாதீர்கள். கொட்டிலில் நிற்கும்போதே பாருங்கள். குளம்பைத் தொட்டால் கொதிக்கிறதா?

* கெட்டித் தரையில் ஓட விடுங்கள். வலிக்கும் முன்னங்காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும்.

* ஓட்டம் முடிந்ததும் மூச்சைக் கேளுங்கள். 'கர்... கர்...' சத்தம் வந்தால் உஷார்!

* ஒவ்வொரு கண்ணுக்கும் பக்கவாட்டில் கையை அசைத்துப் பாருங்கள். மிரளாத குதிரை சாதுவாகவும் இருக்கலாம்; குருடாகவும் இருக்கலாம்.

* தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கும் குதிரையைப் பார்க்கலாம். வயது பல்லில் தெரியும். கிழடு தட்டிய குதிரை என்றால் அந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இராது.

இவ்வளவுக்கும் மேல் கால்நடை டாக்டர் ஒருவர் பார்ப்பது நல்லது. வலி மருந்து கொடுத்திருக்கிறார்களா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சிவகிரிக்காரர்களுக்கு நெல்லை ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு சந்தைக்குப் புறப்படலாம்.

கடைசியாக, ரசீது. விலை மட்டும் எழுதி வாங்கினால் போதாது. "நொண்டல் இல்லை, கண் கோளாறு இல்லை, வலி மருந்து கொடுக்கவில்லை" என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்க வேண்டும்.

நல்ல குதிரை வைத்திருப்பவர் தயங்காமல் எழுதிக் கொடுப்பார். கொடுக்க மறுத்தால்?

பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ் ஏற வேண்டியதுதான்!