புள்ளி விழுந்தா மூடி மறைக்காதீங்க!

'காரு மேட்டரா? நம்மகிட்ட சைக்கிளே இல்லையே'ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. ஃப்ரெண்டு அக்கா கல்யாணத்துக்கு வீட்டுக் காரை ஓசியில ஓட்டிட்டுப் போற நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்த வாரம்!

நான் எடுத்தது எங்க அப்புச்சியோட வேகன் ஆர். நீலாம்பூர் - மதுக்கரை பைபாஸ்ல ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னாடியே ஒட்டிட்டுப் போனேன். 'டொக்!' முன் கண்ணாடியில மிளகு சைஸுக்கு ஒரு புள்ளி. வீட்டுல வாயே திறக்கலை. நாலு நாள் கழிச்சு, நல்ல வெயில்ல நின்ன காரை அப்புச்சி எடுத்தார். பக்கத்துல நான். ஏ.சி.யை ஃபுல்லா வெச்சு கண்ணாடிப் பக்கம் திருப்பினேன் பாருங்க... புள்ளியிலிருந்து கிளம்பின கோடு, எங்க கண்ணு முன்னாடியே ரெண்டு சாண் நீளத்துக்கு ஓடி, அப்புச்சி முகத்துக்கு நேரா போய் நின்னுச்சு!

ஏன் அப்படி? வெயில்ல சூடான கண்ணாடியில ஒரு பக்கம் மட்டும் திடீர்னு குளிர்ந்தா, அந்த இழுவிசை முழுக்க விரிசலோட முனையிலதான் போய்க் குவியும். மெக்கானிக்கல் மாணவனா இருந்தும் இதை காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன்.

ஆனா, கண்ணாடி நொறுங்கி மேல கொட்டலையே? ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கு. 1903-ல பிரான்ஸ்ல பெனடிக்டஸ்ங்கற வேதியியலாளர் கை தவறிப் போட்ட குடுவை, உடைஞ்சும் சிதறலையாம். உள்ளே காய்ஞ்சு ஒட்டியிருந்த செல்லுலோஸ் படலம்தான் காரணம். அந்த ஐடியாவுக்கு 1909-ல காப்புரிமை வாங்கினார். நம்ம உசுரைக் காப்பாத்துறது அந்தக் குடுவைதான்!

சரி, புள்ளி விழுந்ததும் என்ன செய்யணும்? தூசியும் தண்ணியும் போகாம ஒரு செலோடேப் ஒட்டிட்டு நேரா கடைக்குப் போங்க. ஒரு ரூபாய் காசுக்குள்ள அடங்குற புள்ளி, ஓரத்துலயும் ஓட்டுறவர் பார்வைக்கு நேராவும் இல்லைன்னா, ரெசினைச் செலுத்தி, புற ஊதா வெளிச்சத்துல கெட்டியாக்கிடுவாங்க. சில நூறு ரூபாயில முடியுற வேலை. லேசா தழும்பு தெரியும், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சான்ஸ் போச்சு. புதுக் கண்ணாடிதான். முதல் கடையில 6,500 சொன்னாங்க. இன்னும் ரெண்டு கடை ஏறி இறங்கினதுல 4,800.

'இன்ஷூரன்ஸ் இருக்குல்ல'ன்னு துள்ளினேன். தேர்டு பார்ட்டி மட்டும்னா நயா பைசா வராது. எங்களுது காம்ப்ரிஹென்சிவ். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டாங்க. 1,500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வர்றது 3,800. ஆனா, க்ளெய்ம் பண்ணினா 50 சதவிகித நோ க்ளெய்ம் போனஸ் காலி! மறுபடி 20, 25, 35, 45-னு ஏறி 50-ஐத் தொடுறதுக்குள்ள இழக்குறது 50+30+25+15+5, மொத்தம் 125 சதவிகிதம். ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷத்துக்கு 4,000-ன்னு வெச்சா 5,000 ரூபாய் நஷ்டம். 3,800-க்கு 5,000! கைக்காசையே போட்டோம். போனஸைக் காப்பாத்துற கூடுதல் கவர் இருந்தாலோ, காஸ்ட்லி காரா இருந்தாலோ கணக்கு மாறும். பேப்பர்ல போட்டுப் பாருங்க.

விலை குறையுதேன்னு எதையும் மாட்டிடாதீங்க. கண்ணாடி மூலையில கம்பெனி பேரும் ஐ.எஸ். 2553 முத்திரையும் இருக்கான்னு பாருங்க. ஒட்டின பசை இறுகறதுக்கு கடைக்காரர் சொல்ற நேரம் வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. நிறைய கார்ல பக்கத்து சீட்டு ஏர்பேக், விரியறப்போ இந்தக் கண்ணாடியில முட்டுக் கொடுத்துத்தான் நிக்கும். கண்ணாடியை ஒட்டி கேமரா இருக்குற புது மாடல்னா, அதைத் திரும்ப சரிபார்க்குற செலவையும் முன்னாடியே கேட்டுடுங்க.

நம்ம ஊரு நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின காருக்கு விண்ட்ஷீல்டே கிடையாது. அவருக்கு இந்தத் தொல்லை இல்லை!

பில்லைக் கட்டிட்டு வர்றப்போ, தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். அப்புச்சி சிரிச்சார்.

"மொத நாளே பாத்துட்டேன் கண்ணு. நீயா சொல்லுவீன்னு இருந்தேன். பொட்டுதானே, இப்படி ஓடும்னு எனக்கென்ன தெரியும்? போச்சாது போ!"

அவர் பொழுதோட தோட்டத்துக்குப் போனா, ராத்திரிதான் ஓட்டிட்டு வருவார். எதிர் வண்டி வெளிச்சம் அந்த விரிசல்ல பட்டுச் சிதறியிருந்தா? அதை நினைச்சா இப்பவும் பக்குங்குது.

மாசாமாசம் அப்புச்சிக்கு 400 ரூபாய் தவணை கட்டிட்டு இருக்கேன். மொத்தம் 12 மாசம். வட்டி உண்டான்னு கேட்டேன். "டிப்பருக்குப் பின்னால போகாம இரு, அதே போதும்"னுட்டார்!