சீசன் வேலைன்னாலும் பேர் விழணும்

ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட் வரும்வரை மலையகப் பிள்ளைகள் பலருக்கும் கிடைக்கிற முதல் சம்பளம் டவுன் கடையில்தான். தீபாவளி, நத்தார், நுவரெலியாவின் சித்திரை சீசன் என்று வந்துவிட்டால் ஃபேன்சி கடைகளிலும் அழகுசாதனக் கடைகளிலும் ஆள் தேடுவார்கள். கொழுந்து பறிக்கப் பிள்ளையை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை, நமக்கும் இஷ்டமில்லை. ஆகவே ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போய் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறோம்.

இந்த வேலையை யாரும் லேசா நினைக்கக் கூடாது. எந்த லிப்ஸ்டிக் எந்த நிறத்துக்கு எடுபடும், எந்த கிரீம் எந்தத் தோலுக்கு ஒத்துக்காது என்று ஒரு வாரத்தில் கத்துக்கணும். ஒருத்தருக்குத் தமிழில், அடுத்தவருக்குச் சிங்களத்தில், சுற்றுலா வந்தவருக்கு இங்கிலீஷில் பேசணும். நம்ம நிறத்துக்குப் பொருந்துற பவுடர் அலமாரியில் இல்லாவிட்டாலும், 'வெள்ளையாக்கும்' கிரீமைச் சிரிச்ச முகத்தோட எடுத்துக் காட்டணும். தோட்டத்தில் அம்மா வாங்கும் தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கு இதே கவுன்டருக்குத்தான் வருகிறது. அந்தக் கடனை அவர் பிறகு மாசாமாசம் சம்பளத்தில் கழித்துக் கட்டுவார்.

அம்மாவின் வேலையில் கொடுமைகள் நிறைய. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஆனாலும் அவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் இருக்கிறது. அவருடைய நாட்சம்பளம் 2021-ல் 1000 ரூபாய் ஆனதும், 2024-ல் 1350 ஆனதும் நாடே பேசிய விஷயம். கடையில் நிற்கும் மகளுக்கு எவ்வளவு என்று எத்தனை பேர் கேட்டோம்? "சீசன் புள்ளைதானே" என்று சொல்லி, எந்தப் புத்தகத்திலும் பேர் எழுதாமல், கடைசி நாளில் கையில் காசைக் கொடுத்து அனுப்பும் முதலாளிமார் இருக்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலைநேரம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் தரணும். ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப்., தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது. அதற்கு முதலாளி 12 வீதம் ஈ.பி.எஃப்., 3 வீதம் ஈ.டி.எஃப். கட்டணும். மாசம் 4,050 ரூபாய். ரெண்டு மாச சீசனுக்கு 8,100 ரூபாய். பேர் எழுதாவிட்டால் அந்தக் காசு முதலாளியின் பையிலேயே தங்கிவிடும்.

"கேட்டால் வேலை போயிடும்" என்ற பயம் பொய்யில்லை. தனியாகக் கேட்டால் போகலாம். அதனால்தான் கேரளத்தைப் பார்க்கச் சொல்கிறோம். அங்கே துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் கோழிக்கோட்டில் ஒன்றுசேர்ந்து, உட்கார ஒரு இருக்கை வேணும் என்று பல வருஷம் போராடினார்கள். 2018-ல் சட்டம் மாறியது. 2021-ல் தமிழ்நாடும் அதே உரிமையைச் சட்டமாக்கியது. 2010-ல் 'அங்காடித் தெரு' பார்த்துக் கலங்கியவர்கள் ஏராளம். ஆனால் உட்கார இருக்கை வாங்கிக் கொடுத்தது, வேலை செய்தவர்கள் சேர்ந்து கேட்ட கேள்வி.

நாமும் தொடங்கலாம். முதல் நாளே மூன்று பேராகச் சேர்ந்து கடிதம் கேளுங்கள். வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் ஃபோனில் குறித்து வையுங்கள். சம்பளம் பற்றி வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க இதெல்லாம் உதவும்.

தொழிற்சங்கத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் சங்கங்கள் எங்கள் அம்மா, அப்பாமாரின் சந்தாவில் வளர்ந்தவை. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது மலையை விட்டு இறங்கி டவுன் கடைகளில் நிற்கிறார்கள். வருகிற தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை அந்தக் கடைகளுக்கும் வாருங்கள். எத்தனை பேருக்கு நியமனக் கடிதம் இருக்கிறது என்று முதலாளியிடம் கேளுங்கள்.