பெயர் எழுதப்படாத வாக்கு

1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி சனிக்கிழமையன்று, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை ஒன்றின் சிறிய தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், சவரத்துக்கு வந்தவரும் வேடிக்கை பார்க்க வந்தவருமாகப் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றிருந்தோம். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் ஆட்டங்கண்டுவிட்ட வாஜ்பாய் மந்திரிசபை, மக்களவையின் நம்பிக்கையைக் கோரி நின்ற நாள் அது. ஆதரவு 269, எதிர்ப்பு 270 என்று சபாநாயகர் பாலயோகி அறிவித்ததும், நுரை பூசிய முகத்தின் மேல் பிடித்த கத்தியை அப்படியே நிறுத்திக்கொண்டு, கடைக்காரர் கேட்டார்: "யாருங்க அந்த ஒரு ஓட்டு?"

அந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் நிற்கிறது. அன்று அதற்கு விடை இருந்தது என்பதே அதன் விசேஷம். ஒரிசாவின் முதல் மந்திரியாகப் பிப்ரவரியிலேயே பதவியேற்றுவிட்டும், மக்களவைப் பதவியைத் துறவாதிருந்து வந்து வாக்களித்த கிரிதர் கமாங்கைச் சிலர் சுட்டினார்கள். பாராமுல்லாத் தொகுதியின் உறுப்பினர் சைபுத்தீன் சோஸைச் சிலர் சுட்டினார்கள். சோஸ் சார்ந்திருந்த தேசிய மாநாட்டுக் கட்சி, அரசை ஆதரிக்கும்படி தன் உறுப்பினர்களுக்குக் கட்டளையிட்டிருந்தது. பேராசிரியராயிருந்து அரசியலுக்கு வந்தவரும், குஜ்ரால் மந்திரிசபையில் சுற்றுச்சூழல் மந்திரியாயிருந்தவருமான அம்மனிதர், அந்தக் கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்தார்; கட்சி அவரை உடனே வெளியேற்றியது. சில நாட்களில் மக்களவையே கலைக்கப்பட்டுவிட்டதால், கட்சித் தாவல் தடைச் சட்டம் அவரிடமிருந்து பறிப்பதற்குப் பதவி என்று ஒன்று மிஞ்சவில்லை. பின்னர் அவர் காங்கிரஸில் சேர்ந்து, மன்மோகன் சிங் மந்திரிசபையில் நீர்வளத் துறை மந்திரியானார். அன்று அவர் செய்தது தர்மமா, நன்றிகெட்ட செயலா என்பதில் நல்லவர்கள் இருவேறு அபிப்பிராயம் கொள்ளலாம். ஆனால் அந்த அபிப்பிராயத்தை நாம் கொள்வதற்கு இடமிருப்பது, அவருடைய பெயரும் அவர் வாக்கும் அருகருகே எழுதிவைக்கப்பட்டிருப்பதனால்தான்.

ஓர் உறுப்பினரின் பொது வாழ்க்கையை எதைக் கொண்டு அளப்பது? மேடையில் பேசியதைப் பத்திரிகைகள் போடுகின்றன. தொகுதியில் திறந்த பாலத்தைக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் எந்தக் காரியத்துக்காக அவரை நாம் டில்லிக்கு அனுப்பினோமோ, அந்தக் காரியத்தில், அதாவது ஒரு மசோதா சட்டமாகலாமா ஆகலாகாதா என்று முடிவு செய்யும் தருணத்தில், அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்குப் பெரும்பாலான மசோதாக்களில் எந்தச் சுவடும் இல்லை. விவாதம் முடிந்ததும் சபாநாயகர் மசோதாவை வாக்குக்கு விடுகிறார். ஆதரிப்போர் ஒரு குரலாய் 'ஆம்' என்கிறார்கள், எதிர்ப்போர் 'இல்லை' என்கிறார்கள். எந்தக் குரல் ஓங்கியதாக அவர் செவிக்குப் படுகிறதோ அந்தப் பக்கம் வென்றது என்று முடிவாகிவிடுகிறது. ஒவ்வோர் இருக்கையிலும் பொத்தானும், சுவரில் எண்ணிக்கை காட்டும் பலகையும் இருந்தும், கோடிக்கணக்கான மக்களின் தலையெழுத்தை மாற்றும் சட்டங்கள் இப்படிச் சத்தத்தில் பிறக்கின்றன. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையோ, வாக்களித்தோர் பெயர்களை 1836 முதல் அச்சிட்டு வெளியிட்டுவருகிறது.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் நடந்ததை மறக்க முடியாது. வேளாண் மசோதாக்கள் இரண்டு வாக்குக்கு வந்தபோது, அவற்றைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்று கோரிய தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா உள்ளிட்டோர், எண்ணி வாக்கெடுக்கும்படி கேட்டார்கள். உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்று சபையை நடத்திய துணைத் தலைவர் காரணம் சொன்னார். சபை அமளியில் ஆழ்ந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே குரல் வாக்கினால் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சபைக்குள் ஒழுங்கு குலைந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் அந்தச் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் டில்லியின் எல்லையில் பனியிலும் வெயிலிலும் ஓராண்டு காலம் உட்கார்ந்திருந்ததையும், 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்கள் விவாதமின்றி, மறுபடியும் குரல் வாக்கினாலேயே, திரும்பப் பெறப்பட்டதையும் எண்ணும்போது மனம் கொதிக்கிறது. ஆக்கியவர் யார், அழித்தவர் யார் என்று பெயர் சொல்ல அந்தச் சபையின் ஏட்டில் ஒரு வரி இல்லை.

இதற்கு நேர்மாறாக, 2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா அதே மாநிலங்களவையில் எண்ணி வாக்கெடுக்கப்பட்டு, 125-க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் அதை ஆதரித்தார்கள் என்பது ஏட்டில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் அவர்களிடம் கணக்குக் கேட்கப்பட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சி, அச்சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தன் தேர்தல் அறிக்கையில் எழுத நேர்ந்தது. பதிவான வாக்கு ஒன்று, போட்டவர்களைத் தேடிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வருகிறது.

கட்சிக் கொறடாவின் உத்தரவு இருக்கையில் உறுப்பினரின் தனி வாக்கைப் பதிந்து என்ன பயன் என்று கேட்பார்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, உத்தரவை மீறுபவர் பதவியை இழக்க நேரிடும் என்பது உண்மையே; அந்தத் தண்டனையை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990-இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லியும் எந்த ஆட்சியும் செவிசாய்க்கவில்லை. ஆனால் உத்தரவுக்குப் பணிந்து கைதூக்கியவரும் கைதூக்கியவர்தாமே? தம் தொகுதிக்குத் தீங்கு என்று உள்ளூர அறிந்த மசோதாவுக்கு ஒருவர் 'ஆம்' சொன்னால், அதைத் தொகுதி மக்கள் முகத்துக்கு நேரே கேட்கட்டும். கட்சி சொன்னது, செய்தேன் என்று அவர் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலைப் பலமுறை சொல்லிக் கூசிய பின்புதான், கட்சிக்குள் அவர் வாய் திறப்பார் என்று நான் நம்புகிறேன்.

இன்று வேட்பாளர் ஒருவர் தம் சொத்தையும், கடனையும், படிப்பையும், தம்மீதுள்ள வழக்கையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்கிறார். ஐந்தாண்டு உறுப்பினராயிருந்துவிட்டு மறுபடியும் நிற்பவர், அந்த ஐந்தாண்டில் எதற்கு ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார் என்று எழுதவேண்டியதில்லை. எழுதச் சொன்னாலும், குரல் வாக்கில் கரைந்தவற்றை அவர் எங்கிருந்து எடுத்து எழுதுவார்?

மக்களவை நடைமுறை விதிகளில் 367-ஆவது விதி, எண்ணி வாக்கெடுக்கக் கோரும் உரிமையை உறுப்பினருக்குத் தருகிறது. ஆனால் அக்கோரிக்கை அனாவசியமானது என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் செய்து தலைகளை மட்டும் எண்ணி முடித்துக்கொள்ளலாம் என்றும், அப்போது வாக்களித்தோர் பெயர்கள் பதிவு செய்யப்படமாட்டா என்றும் அதே விதி சொல்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு மசோதாவின் இறுதி வாக்கும் பொத்தானால், பெயரோடு பதியப்படவேண்டும் என்று எழுத அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. சபை தன் விதியைத் தானே திருத்திக்கொண்டால் போதும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியாயினும், இதற்குச் சம்மதிப்பீர்களா என்று முதலில் கேட்போம்.