விடையை மூடியில் அச்சடிக்காதீர்கள்

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. பாலர் பள்ளியிலேயே இதைப் படித்துவிட்டோம். வண்ணக் கலவை விளையாட்டுப் பெட்டிகள் பலவற்றின் மூடியிலும் இதே வாய்பாடுதான். கலப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிட்டால், பிள்ளை எதற்காகக் கலக்க வேண்டும்?

அதோடு, அந்த விடை பாதி உண்மைதான். தீபாவளிக்குக் கோலாலம்பூர், கிள்ளான் பேரங்காடிகளில் சாயமிட்ட அரிசியால் பெரிய கோலம் போடுவார்கள் அல்லவா? அந்த நீல அரிசியையும் மஞ்சள் அரிசியையும் சம அளவில் கலந்து தட்டில் பரப்புங்கள். மணிகள் தனித்தனியாகத் தெரியாத தூரத்துக்குப் போய்ப் பாருங்கள். சாயக் கிண்ணத்தில் வரும் பளிச்சென்ற பச்சை அங்கே இருக்காது. சாம்பல் கலந்த மங்கலான நிறம்தான் தெரியும்.

காரணம் எளிது. சாயங்களைக் கரைத்துக் கலக்கும்போது நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்குகிறது, மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்குகிறது. இரண்டிடமும் தப்புவது பச்சை மட்டுமே. அரிசியிலோ ஒவ்வொரு மணியும் தன் ஒளியைத் தனியாக அனுப்புகிறது. கண் அவற்றைக் கூட்டுகிறது. முன்னது கழித்தல், பின்னது கூட்டல். படிவம் 1 அறிவியலில் வரும் அதே பாடம். ஓவிய வகுப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம். அறிவியல் வகுப்பில் சிவப்பு, பச்சை, நீலம். ஏன் என்று கேட்காமல் இரண்டையும் மனப்பாடம் செய்பவர்களே அதிகம்.

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1855-இல், தம் 23-ஆம் வயதில், இதைப் பம்பரத்தை வைத்தே விளக்கினார். நிறத்தாள் வட்டங்களை விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகினார். எந்த நிறம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று நகர்த்தி அமைக்கலாம். பம்பரத்தின் விளிம்பில் 100 பிரிவுகள் இருந்ததால் அளவையும் படிக்கலாம். நீலத்தையும் மஞ்சளையும் வைத்துச் சுற்றியபோது பச்சை வரவில்லை, இளஞ்சிவப்புச் சாயல் வந்தது. என் பார்வையில், இன்று விற்கும் பல பெட்டிகளைவிட இதுவே நல்ல பொம்மை.

தம்பி தங்கைகளுக்கு நீங்களே ஒன்று செய்யலாம். தடித்த அட்டை, நிறத்தாள், கூரான சாத்தே குச்சி போதும். கூடவே அதே நீலத்திலும் மஞ்சளிலும் இரண்டு சாயப் புட்டிகளை வையுங்கள். சின்னப் பிள்ளை குழம்பிவிடுமே என்பார்கள். குழம்பட்டுமே! ஒரே இரண்டு நிறம் இரண்டு விதமாகப் பதில் சொன்னால்தான் கேள்வி பிறக்கும்.

மூடியில் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால், "சுற்றும் முன் என்ன நிறம் வரும் என்று எழுதி வை" என்பது போதும்.