ஒற்றியூர் நீங்கலாக

திருவொற்றியூரில் வழங்கும் பழங்கதை ஒன்று உண்டு. முன்னாளில் ஓர் அரசன் எல்லா ஊர்க்கும் பொதுவாக ஓர் ஆணை எழுதுவித்து ஓலை போக்கினானாம். ஓலையை விரித்துப் பார்த்தபோது, எழுதினவனும் அறியாதபடி, வரிகளுக்கிடையே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்னும் சொற்கள் காணப்பட்டனவாம். அதுபற்றியே அவ்வூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்னும் பெயர் உண்டாயிற்று என்பர். யாம் அச்சமயத்தைச் சார்ந்தோம் அல்லோம்; எனினும் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தோம்; அண்டை வீட்டு மூதாட்டி சொல்ல இக்கதையைப் பலகாற் கேட்டோம். தலைநகரில் இருந்து எழுதும் ஒருவரி தொலைவிலுள்ள ஊரின் வாழ்வையே மாற்றிவிடும் என்பதை எளிய மக்கள் எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கதையே சான்றாகும்.

இலக்கியம் பயிலும் மாணவர்க்கு நகராண்மையைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என நண்பர் சிலர் வினவலாம். ஊரும் பேரும் தமிழின் பொருள்களே அன்றோ? தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாக வகுத்தனர் முன்னோர். அவற்றுள் ஒன்று புழற்கோட்டம். பேதுருவாகிய இராயப்பரின் பெயரால் இராயபுரம் எழுந்தது. இத்தகைய பெயர்கள் மக்கள் நாவில் நிலைத்தன. இக்காலப் பிரிவுகளோ பெயரிழந்து எண்ணாய் நிற்கின்றன. தாலுகாவும் வட்டம், மாநகராட்சி வார்டும் வட்டம் எனச் சொல்லப்படுவதால், ‘நும் வட்டம் யாது?’ என்று வினவினால் எவ்வட்டம் என்று திரும்ப வினவவேண்டியிருக்கின்றது. சொல்லில் உள்ள இக்குழப்பம் செயலிலும் உண்டு என்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது.

யாம் எழுத்தறியத் தொடங்கிய பருவத்தில், 2011-ஆம் ஆண்டு அக்டோபரில், 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சி தன் எல்லையை விரித்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 426 ஆயிற்று. 9 நகராட்சிகளும், 8 பேரூராட்சிகளும், 25 ஊராட்சிகளுமாக 42 உள்ளாட்சி மன்றங்கள் ஒருங்கே மறைந்தன. எண்ணூரைத் தன்னகத்தே கொண்டிருந்த கத்திவாக்கம் நகராட்சி, திருவொற்றியூர் நகராட்சி, மணலி நகராட்சி ஆகிய மூன்றும் அவற்றுட் சேர்ந்தவை. மாநகரம் 200 வட்டங்களாகவும் 15 மண்டலங்களாகவும் வகுக்கப்பட்டது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சேர்ந்து முதல் மண்டலமாயின. அதற்கு வாய்த்த வட்டங்கள் 14. முன்னிருந்த இரண்டு நகர்மன்றங்களின் உறுப்பினரைக் கூட்டிப் பார்ப்பின் இது மிகச் சிறிய தொகையே. விரிந்த மாநகரின் மக்கள் 2011 கணக்கின்படி ஏறத்தாழ 67 இலட்சம். ஆகவே உறுப்பினர் ஒருவர் 33,000 பேர்க்கு மேற்பட்டோரின் குறை கேட்கவேண்டியவர் ஆனார்.

நகராண்மை மாறிற்றே அன்றி மாவட்டம் உடனே மாறவில்லை. வீட்டு வரி சென்னைக்கு. நிலப் பட்டாவும் சாதிச் சான்றும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு. ஒரே மாநகராட்சி சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடந்தது. இந்நிலை 2018 ஜனவரியில் சென்னை மாவட்ட எல்லை விரிக்கப்படும்வரை ஆறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. அக்காலத்தில் எம் தெருவினர், ‘நாம் எந்த ஊர்?’ என்று நகைப்பாகக் கேட்டுக்கொள்வர். அந்நகைப்பினுள் ஒரு வருத்தமும் இருந்தது.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பெப்ருவரியிலேதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் மாநகரில் மக்கள் தேர்ந்த உறுப்பினர் ஒருவரும் இலர், அலுவலரே ஆண்டனர். இக்காலத்தின் தொடக்கத்தில், 2017 ஜனவரி 28-ஆம் நாள், எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டிற்று. எர்ணாவூர்க் கரையில் இளைஞரும் தொழிலாளரும் வாளிகொண்டு எண்ணெய்ச் சேற்றை முகந்த காட்சியை நாடறியும். அன்று தம் வட்டத்து உறுப்பினரிடம் சென்று முறையிடுவோம் என்று எண்ணிய குடும்பத்துக்கு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே வந்து எண்ணூர்க் கழியிற் பரந்தது. எமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், கழியில் இறால் பிடித்து வாழ்பவர், கறைபடிந்த வலையைத் தோளிலிட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். துணைக்கு யாமும் சென்றோம். அங்கிருந்தோர் இன்முகத்தோடேதான் பேசினர். ஆனால், ‘எண்ணெய் புறப்பட்ட இடம் எம் எல்லையில் இல்லை’ என்றனர். மற்றோர் அலுவலகத்தார், ‘வலை வீசிய இடம் எம் எல்லையில் இல்லை’ என்றனர். வெளியே வந்த முதியவர், “தம்பி, இறாலுக்கு எந்த மண்டலம்?” என்று கேட்டார். யாம் விடை கூற அறியாது நின்றோம்.

அவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எண்ணெய் புறப்பட்டது இரண்டாம் மண்டலம். வந்து சேர்ந்தது முதல் மண்டலம். கழியின் வடபால் அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் இருப்பதோ திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டம். கொசஸ்தலையாறு ஒன்றே, கழி ஒன்றே, காட்டுக்குப்பத்தாரும் முகத்துவாரக்குப்பத்தாரும் வலை வீசும் நீர் ஒன்றே. எல்லைக்கோடு மட்டும் அந்நீரைக் கூறுபடுத்துகின்றது. கோடு கிழித்தது குற்றமன்று. கோடின்றி ஆட்சி நடவாது. கோட்டின் இருபுறத்தாரும் கூடியிருந்து பேச ஓரிடம் இல்லாமையே குற்றம்.

இணைப்பே தவறென்று கூறுவோரோடு யாம் உடன்படோம். கத்திவாக்கம் போன்ற சிறு நகராட்சி பெருவடிகால் அமைக்கும் பொருள்வலி உடையதன்று. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 3,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மழைநீர் வடிகால் திட்டத்தைப் பழைய நகராட்சிகள் தனித்தனியே மேற்கொண்டிருக்க இயலுமோ? இயலாது. பெரிய கருவூலம் வேண்டும். ஆயின் பெரிய கருவூலத்தைப் பெறுதற்குச் சிறிய மன்றத்தை இழக்கத்தான் வேண்டுமோ என்பதே எம் வினா.

இவ்வினாவுக்கு விடை தேடிக் கல்லூரி நூலகத்தில் அயல்நாட்டு ஆட்சிமுறைகளைப் புரட்டியபோது, ஜெர்மனி நாட்டின் வடகடலோரத்தில் டித்மார்ஷன் என்னும் மாவட்டம் எம் கண்ணிற் பட்டது. பெரும்பாலும் உழவர் வாழும் நிலம்; அதன் தென்முனையில் புருன்ஸ்பியூட்டல் என்னும் துறைமுகமும் வேதித் தொழிற்சாலைகளும் உண்டு. இரு மாவட்டங்களாக இருந்தவற்றை 1970-இல் ஒன்றாக இணைத்தனர். அங்கும் இணைப்பு நடந்தது. ஆனால் ஊர்மன்றங்கள் யாவும் துடைத்தெறியப்படவில்லை. மாவட்ட மக்கள் தொகை 1.3 இலட்சத்தைச் சற்றே மிஞ்சும். திருவொற்றியூர் நகரில் மட்டும் 2011-இல் வாழ்ந்தோர் ஏறத்தாழ 2½ இலட்சம். ஆயினும் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட ஊராண்மைகள் உள்ளன. சில நூறு மக்களே வாழும் சிற்றூர்க்கும் தன் மன்றமும் தன் தலைவரும் உண்டு. சிற்றூர்கள் பல கூடி ‘ஆம்ட்’ என்னும் பொது அலுவலகத்தை வைத்துக்கொள்கின்றன. எழுத்தரும் கணக்கும் பொது. தீர்மானம் அவ்வவ்வூர்க்கு உரியது. பழைய திருச்சபை வட்டங்களின் பெயர் இன்றும் அப்பிரிவுகள் சிலவற்றில் நிலைத்திருக்கின்றது. அந்நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. அலுவலகத்தை இணைத்தல் வேறு, மன்றத்தை அழித்தல் வேறு என்பதை அது காட்டுகின்றது, அவ்வளவே.

இதனை அறிய அயல்நாடு செல்லவும் வேண்டியதில்லை. முதற் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊரை 30 குடும்புகளாக வகுத்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தமையைக் கூறுகின்றன. நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் அச்சபையில் இடமில்லை. அக்குறையை மறைத்துப் புகழ்தல் முறையன்று. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. ஏரிக்கென்றே ஏரி வாரியம் என ஒரு தனிக்குழு இருந்தது. நீரைக் குடும்புதோறும் கூறிட்டுக் கொடுக்காமல், நீர் முழுமைக்கும் ஒரு குழுவைப் பொறுப்பாக்கினர்.

ஆகவே யாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, வட்டத்தினுள் மக்கள் கூடும் மன்றம். 1992-இல் நிறைவேறிய 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்களுடைய நகராண்மைகளில் வட்டக் குழுக்கள் வேண்டுமென்றது. தமிழ்நாட்டில் வட்டக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் உரிய விதிகள் 2022-இல் வெளிவந்தன. முப்பது ஆண்டு கடந்து வந்த அவ்விதிகள் ஏட்டளவில் நில்லாமல், நாள் குறித்துப் பறையறைந்து கூட்டப்படும் கூட்டங்களாதல் வேண்டும். இரண்டாவது, எண்ணூர்க் கழிக்கென ஒரு வாரியம். இரு மண்டலத்து உறுப்பினரும், வடகரை உள்ளாட்சித் தலைவரும், மீனவர் பேராளரும் அதில் ஒருங்கமர்தல் வேண்டும். பெருநகர்ப் பகுதிகளில் நகராட்சியாரும் ஊராட்சியாரும் கூடியமரும் திட்டக் குழு ஒன்றை அதே திருத்தம் வகுத்துள்ளமையின், இஃது சட்டத்துக்குப் புறம்பான ஆசையும் அன்று.

மாணவ நண்பர்காள்! நம்முள் எத்தனை பேர்க்கு நம் வட்டத்தின் எண் தெரியும்? புழற்கோட்டம் எது என்று தேர்வில் எழுதுகின்றோம். நம் தெருவின் வடிகால் எவர் பொறுப்பு என்று அறியோம். பகுதி சபை கூடும் நாளில் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடப்பின், பழியை ஆள்வோர்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாமோ? எம் ஊரில் மன்றம் கூடும் அன்று அம்முதியவரை அழைத்துச் சென்று முன்வரிசையில் இருத்துவதாக யாம் உறுதி கூறியுள்ளோம்.

பழங்கதையில் ஊரைக் காத்த சொற்கள் தாமே தோன்றின. இனி அவை தாமே தோன்றா. நாம் சென்று எழுதுவித்தல் வேண்டும். ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று அன்று. ‘ஒற்றியூரும் உட்பட’ என்று.