தொலைக்காட்சி மறைக்கும் மேடு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள், அதைப் பச்சைக் கம்பளம் விரித்த சமதளம் என்றே நினைப்பார்கள். நேரில் போனவருக்குத்தான் முழங்கால் வலிக்கும். பத்தாவது குழியில் மட்டும் ஏறத்தாழ 30 மீட்டர் இறக்கம்.

பந்து பாதத்தைவிட மேட்டில் கிடந்தால், வலக்கை ஆட்டக்காரரின் அடி இடப்பக்கம் இழுக்கும். பள்ளத்தில் கிடந்தால் வலப்பக்கம் ஓடும். இதையெல்லாம் கணக்குப் போட்டு அடித்தாலும், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனின் சாய்வு வந்த பந்தைத் திருப்பி அனுப்பிவிடும். 1996இல் இங்கு நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் கிரெக் நார்மன் என்ற ஆட்டக்காரருக்கு ஒன்பதாவது குழியில் நடந்தது அதுதான். ஆறு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கியவர், 78 அடித்து நிக் ஃபால்டோவிடம் ஐந்து ஸ்ட்ரோக்கில் தோற்றார். பாவம்தான். ஆனால் அதே சரிவுகளில் ஃபால்டோ அன்று 67 அடித்தாரே! மைதானத்தைத் திட்டும் கோல்ஃப்காரர்கள் இந்த எண்ணை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

2011இல் அதே போட்டியில் ஆடிய ரோரி மெக்கில்ராய்க்கு வயது 21. கடைசி நாள் காலையில் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலை. பத்தாவது குழியில் அவர் அடித்த பந்து மரத்தில் பட்டு, இடப்பக்கம் இருந்த குடில்களுக்கு நடுவே போய் விழுந்தது. நான்கில் முடிக்கவேண்டிய குழிக்கு ஏழு. அன்றைய மொத்தம் 80. அகஸ்டாவில் அவர் பட்டம் வெல்ல 2025 வரை ஆனது.