அனுமதிக்காகக் காத்திருக்கும் குரல்: பிரிட்டனின் அவசர சேவைகள் வலையமைப்பு

பிரிட்டனில் காவல்துறை, தீயணைப்பு, அம்புலன்ஸ் ஆகிய சேவைகளைச் சேர்ந்த சுமார் 3 லட்சம் பேர் பயன்படுத்தும் 'ஏர்வேவ்' என்ற வானலைத் தொடர்பு வலையமைப்பு, முதலில் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி 2019ஆம் ஆண்டின் இறுதியிலேயே மூடப்பட்டிருக்க வேண்டும். அதன் இடத்தில் 4ஜி கைபேசித் தொழில்நுட்பத்தில் இயங்கும் புதிய 'அவசர சேவைகள் வலையமைப்பு' வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏர்வேவை 2029ஆம் ஆண்டுக்கு முன்னர் மூடிவிட முடியாது என்பதே தேசிய தணிக்கை அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் தெரியவந்த நிலைமை. அதற்குள் புதிய வலையமைப்புக்காக உள்துறை அமைச்சு செலவிட்டிருந்த தொகை சுமார் 200 கோடி பவுண்டுகள்.

நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் இது பெரும்பாலும் பணத்தையும் ஆண்டுகளையும் பற்றிய விவாதமாகவே நடந்து வந்திருக்கிறது. அது இயல்பானதே. ஆனால் ஆண்டுக் கணக்கிலான இந்தத் தாமதத்துக்கு அடியில், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில் அளக்கப்படும் வேறொரு தாமதம் இருக்கிறது. புகைக்குள் நிற்கும் ஒரு தீயணைப்பு வீரர் தனது கருவியின் பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினால், அவருடைய முதல் சொல் எவ்வளவு நேரத்தில் சக வீரர்களின் காதுக்கு எட்டும் என்பதே அந்தக் கேள்வி. "உள்ளே போகாதே" என்ற கட்டளையின் கடைசிச் சொல் மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஏர்வேவ் இயங்குவது 'டெட்ரா' எனப்படும் 1990களின் ஐரோப்பியத் தொழில்நுட்பத்தில். படம் அனுப்புவதற்கோ இணையத்துக்கோ அது ஏறக்குறையப் பயனற்றது. ஆனால் குழுவாகப் பேசுவது என்ற ஒரே வேலைக்காக அது வடிவமைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தியதும் தொடர்பு கிடைக்க அரை விநாடிகூட ஆவதில்லை. கோபுரத்தின் தொடர்பே அற்றுப்போனாலும் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு நேரடியாகப் பேசலாம். 4ஜி கைபேசிகளில் இதற்கு நிகரான வசதி இன்றுவரை பரவலாக வந்துவிடவில்லை.

கைபேசி வலையமைப்புகளுக்கான உலகத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, அவசர சேவைகளுக்கான 'அழுத்திப் பேசும்' வசதியை 2016இல் முடிவடைந்த தனது 13ஆவது பதிப்பில் சேர்த்துக்கொண்டது. பொத்தானை அழுத்தியதிலிருந்து பேசுவதற்கான சமிக்ஞை கிடைக்கும்வரை 300 மில்லி விநாடிக்குக் குறைவாகவும், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் பேச்சு போய்ச் சேர 300 மில்லி விநாடிக்குக் குறைவாகவும் ஆக வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. நூற்றில் 95 தடவை இது நிறைவேற வேண்டும்.

பிரிட்டன் தனது ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது 2015இல். அதாவது, தரம் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே.

மேலே செல்லும் பாதை

கைபேசித் தொடர்பில் இரு திசைகள் உண்டு: கோபுரத்திலிருந்து கருவிக்கு வரும் பாதை ஒன்று, கருவியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் பாதை மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அவை சமமானவை அல்ல.

கீழே அனுப்ப வேண்டிய தகவல்கள் எல்லாம் கோபுரத்திடமே வரிசையாக நிற்கின்றன. எதை எப்போது அனுப்புவது என்று அது தானே தீர்மானித்து அனுப்பிவிடும். மேல்நோக்கிய பாதையில் நிலைமை வேறு. நூற்றுக்கணக்கான கைபேசிகளில் எதனிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பது கோபுரத்துக்குத் தெரியாது. வீடுகளில் உள்ள வைஃபை போல, அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத் தானாகப் பேசத் தொடங்கும் சுதந்திரமும் இங்கே கிடையாது. ஒழுங்கமைக்கப்பட்ட வலையமைப்பில் ஒவ்வொரு கருவியும் அனுமதி கேட்டே பேச வேண்டும்.

அந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது? 4ஜியில் கருவி முதலில் 'என்னிடம் தகவல் இருக்கிறது' என்று ஒரு சிறு சமிக்ஞை அனுப்புகிறது. அதைக்கூட நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது. அதற்கென ஒதுக்கப்பட்ட தருணம் பொதுவாக 5, 10, 20, 40 அல்லது 80 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் வரும். எவ்வளவு என்பது வலையமைப்பை நடத்துபவரின் தெரிவு. சமிக்ஞை கிடைத்ததும் கோபுரம் ஒரு சிறு இடத்தை ஒதுக்குகிறது. கருவி அதில் தன்னிடம் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று தெரிவிக்கிறது. அதன் பின்னரே பேச்சுக்கான இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு படிக்கும் சுமார் 4 மில்லி விநாடிகள். சமிக்ஞை பழுதுபட்டால் மீண்டும் அனுப்ப இன்னும் 8. கருவி உறக்க நிலையில் இருந்திருந்தால், விழித்தெழுந்து கோபுரத்துடன் இணைவதற்குப் பல பத்து மில்லி விநாடிகள் தனி.

தனித்தனியாகப் பார்த்தால் இவை அற்பமானவை. குழுப் பேச்சில் அவை அடுக்கடுக்காகச் சேர்கின்றன. பேசும் உரிமையைக் கேட்கும் விண்ணப்பம் மேலே சென்று, தொலைவில் உள்ள சேவைக் கணினியைத் தொட்டு, இசைவு கீழே வர வேண்டும். அதன்பின் குரல் மேலே செல்ல வேண்டும். பிறகு, மின்கலத்தைச் சேமிக்கக் கண்ணயர்ந்திருக்கும் இருபது முப்பது கருவிகளை எழுப்பி அவற்றுக்கு அந்தக் குரலைச் சேர்ப்பிக்க வேண்டும். 300 மில்லி விநாடி விரைவில் கரைந்துவிடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அனுமதி கேட்கும் தருணங்களை நெருக்கமாக வைக்கலாம். கருவி உறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். பேசத் தொடங்கிய ஒருவருக்கு 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை, கேட்காமலே இடம் கிடைக்கும்படி முன்கூட்டியே ஒதுக்கிவைக்கலாம். குரல் அந்த இடைவெளியிலேயே துண்டுகளாகச் செல்வதால் இது நன்றாகப் பொருந்தும். அனுப்ப எதுவும் இல்லாதபோதும் ஒதுக்கிய இடத்தை வெற்றுத் தகவலால் நிரப்பியாக வேண்டும் என்று முன்பு இருந்த விதியையும், பேசாமல் இருந்துவிடலாம் என்று 3ஜிபிபியின் 14ஆவது பதிப்பு தளர்த்தியது. 5ஜி தொழில்நுட்பம் நேரத் துண்டுகளையே சிறியதாக்கி, முன் அனுமதியுடன் பேசும் முறையை விரிவுபடுத்தியிருக்கிறது. சேவைக் கணினிகளைப் பயனாளருக்கு அருகில் கொண்டுவருவதும் ஒரு வழி.

ஆனால் இவற்றில் எதுவுமே இலவசம் அல்ல. கருவியை விழித்திருக்க வைத்தால் மின்கலம் தீரும். பன்னிரண்டு மணி நேரப் பணிமுறையில் உள்ள ஒரு காவலருக்கு அது சிறிய விடயமல்ல. அனுமதித் தருணங்களை நெருக்கினால் கட்டுப்பாட்டுக்கான அலைக்கற்றை அதில் செலவாகும். ஒருவருக்கு முன்கூட்டியே ஒதுக்கிய இடம் மற்றவருக்குக் கிடையாது. ஆகவே, மேல்நோக்கிய தாமதத்தைக் குறைப்பது பொறியியல் கேள்வியாகத் தொடங்கினாலும், யாருடைய பங்கிலிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது. அரசியல் மாணவர்களுக்கு இது பழக்கமான கேள்வி.

வணிக நோக்கில் கட்டப்பட்ட வலையமைப்பில் இக்கேள்விக்கான விடை ஓரளவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. சந்தாதாரர்கள் காணொளி பார்க்கிறார்கள். ஆகவே கொள்ளளவு கீழ்நோக்கிய பாதைக்கே செல்கிறது. ஒரே அலைவரிசையை இரு திசைகளும் மாறி மாறிப் பயன்படுத்தும் 5ஜி வலையமைப்புகளில் பெரும்பாலான நேரத் துண்டுகள் கீழே வரும் தகவலுக்கே ஒதுக்கப்படுகின்றன. நாட்டிங் ஹில் திருவிழா போன்ற ஒரு நாளில், பல லட்சம் பேர் ஒரே வட்டாரத்தில் கூடித் தாங்கள் எடுத்த படங்களையும் காணொளிகளையும் அனுப்பும்போது நெரிசல் ஏற்படுவதோ மேல்நோக்கிய அந்த ஒடுங்கிய பாதையில்தான். கூட்டத்தின் நடுவே நிற்கும் காவலரின் குரலும் அதே பாதையிலேயே செல்ல வேண்டும்.

2005இல் நடந்தது

இது கற்பனைக் கவலை அல்ல. 2005 ஜூலை 7ஆம் தேதி லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்ட அன்று, கைபேசி வலையமைப்புகள் அழைப்புகளின் சுமையில் திணறின. அம்புலன்ஸ் சேவையின் பொறுப்பதிகாரிகள் கைபேசிகளையே பெரிதும் நம்பியிருந்தனர். பொதுமக்களின் அழைப்புகளைத் துண்டித்து, சிறப்பு அனுமதி பெற்ற கைபேசிகளை மட்டும் இயங்கவிடும் ஏற்பாடு ஒன்று அப்போது பிரிட்டனில் இருந்தது. அன்று அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அனைத்துச் சேவைகளையும் ஒருங்கிணைத்த தலைமைக் குழு முடிவு செய்தது. ஆயினும் சிட்டி ஆஃப் லண்டன் காவல்துறையின் வேண்டுகோளை ஏற்று ஓ2 நிறுவனம், ஆல்ட்கேட் நிலையத்தைச் சுற்றிய பகுதியில் சில மணி நேரம் அதை நடைமுறைப்படுத்தியது. உறவினர்களைத் தேடியவர்களின் பெருமளவு அழைப்புகள் அதனால் இணைக்கப்படாமல் போயின.

ரிச்சர்ட் பார்ன்ஸ் தலைமையிலான லண்டன் மாநகர அவைக் குழு 2006 ஜூனில் வெளியிட்ட அறிக்கை இதைப் பதிவு செய்திருக்கிறது. சுரங்கத்துக்குள் போக்குவரத்துக் காவல்துறையின் வாக்கிடாக்கிகள் தவிர மற்றச் சேவைகளுடையவை வேலை செய்யவில்லை; செய்தி சொல்ல ஆட்கள் மேலும் கீழுமாக ஓட வேண்டியிருந்தது. 31 பேர் பலியான 1987ஆம் ஆண்டின் கிங்ஸ் கிராஸ் தீவிபத்தை விசாரித்த ஃபென்னல் அறிக்கை 1988இலேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியிருந்தது. ஏர்வேவ் சுரங்கங்களுக்குள் கொண்டுசெல்லப்பட்டது 2005க்குப் பிறகுதான்.

யாருக்கு முதலிடம் என்பதை அன்று கத்தியால் வெட்டுவதுபோல் தீர்மானித்தார்கள். புதிய வலையமைப்பு அதைவிட நுட்பமானது. ஈஈ நிறுவனத்தின் 4ஜி கோபுரங்களைப் பொதுமக்களும் அவசர சேவைகளும் பகிர்ந்துகொள்வார்கள். நெரிசலின்போது அவசர சேவையின் விண்ணப்பம் முன்னே செல்லும்; தேவைப்பட்டால் மற்றவர்களின் இடம் பறிக்கப்படும். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் முன்னுரிமை என்பது வரிசையில் முன்னே நிற்கும் உரிமை மட்டுமே. அனுமதி கேட்கும் தருணம் 40 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் என்று வலையமைப்பு வைத்திருந்தால், முன்னுரிமை பெற்றவரும் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

வாடிக்கையாளராக அரசு

அமெரிக்கா தனது 'ஃபர்ஸ்ட்நெட்' வலையமைப்பை 2017இல் ஏடி அண்ட் டி நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, அவசர சேவைகளுக்கெனத் தனி அலைக்கற்றையையும் சேர்த்தே கொடுத்தது. 2014இல் செவோல் கப்பல் மூழ்கிய துயரத்துக்குப் பிறகு தென்கொரியா தனி அலைக்கற்றையில் நாடு தழுவிய வலையமைப்பை அமைத்து 2021இல் இயங்கவைத்தது. பிரிட்டன் செலவைக் குறைக்க எண்ணி, தனி அலைக்கற்றை இல்லாமல் வணிக வலையமைப்பின் ஒரு வாடிக்கையாளராக அரசை ஆக்கும் வழியைத் தெரிவு செய்தது. இந்தத் தெரிவே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் வாடிக்கையாளருக்குப் பேரம் பேசும் வலு வேண்டும். அது பிரிட்டனிடம் இருக்கவில்லை.

மென்பொருளையும் அழுத்திப் பேசும் சேவையையும் வழங்கும் பொறுப்பு 2015இல் மோட்டரோலாவிடம் கொடுக்கப்பட்டது. 2016இல் அதே நிறுவனம் ஏர்வேவையும் விலைக்கு வாங்கியது. பழைய வலையமைப்பு எவ்வளவு காலம் நீடிக்கிறதோ அவ்வளவு காலம் வருமானம் பெறும் ஒரு நிறுவனம், அதற்கு மாற்றான வலையமைப்பைக் கட்டும் பணியிலும் இருந்தது. இதில் உள்ள முரணைக் காண நிபுணத்துவம் தேவையில்லை. ஏர்வேவுக்குப் போட்டிச் சந்தையில் கிடைக்கக்கூடியதைவிட மிக அதிக விலை பெறப்படுகிறது என்று 2023 ஏப்ரலில் முடிவு செய்த போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம், அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் கட்டண உச்சவரம்பு விதித்தது. ஆண்டுக்குச் சுமார் 20 கோடி பவுண்டுகள் மிச்சமாகும் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. மோட்டரோலா இதை மறுத்து மேல்முறையீடு செய்தது. அது 2023 டிசம்பரில் தள்ளுபடியானது. அதற்குள் அந்நிறுவனம் புதிய திட்டத்திலிருந்து விலகிவிட்டிருந்தது. அதன் இடத்துக்கு 2024 இறுதியில் ஐபிஎம் தெரிவானது.

தெற்காசியாவுக்கும் இதில் பார்க்க வேண்டியது உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைபேசித் தொடர்பு அற்றுப்போனதை அங்கு உறவினர்களைக் கொண்ட வெளிநாட்டுத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேரிடர்ப் பணிகளுக்கெனக் கைபேசித் தரத்தில் நாடு தழுவிய வலையமைப்பு ஒன்று வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூனில் பரிந்துரைத்தது. அதில் யார் உரிமையாளர், யார் வாடிக்கையாளர் என்ற வினாவுக்கு லண்டனின் அனுபவம் பயனுள்ள பாடநூல்.

லண்டனில் அடுத்த சோதனைக்களம் மீண்டும் சுரங்கங்கள்தான். ஜூபிலி பாதையில் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் கேனிங் டவுனுக்கும் இடையே 4ஜி சேவை 2020 மார்ச்சில் சோதனையாகத் தொடங்கியது. முழு வலையமைப்புக்கான 20 ஆண்டு உரிமம் 2021 ஜூனில், இன்று போல்டின் என்று அழைக்கப்படும் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அவசர சேவைகள் வலையமைப்பும் இதே கட்டமைப்பில்தான் கீழே இறங்குகிறது. பயணிகள் வீட்டுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியும் தீயணைப்பு வீரரின் குரலும் சுரங்கச் சுவரோரம் ஓடும் ஒரே கேபிளின் வழியாக மேலே வரும். இரு நிலையங்களுக்கு நடுவே ஒரு ரயில் புகையோடு நின்று, அதில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசியை எடுக்கும்போது 300 மில்லி விநாடி என்ற இலக்கு தாக்குப்பிடிக்கிறதா என்பதை, ஆட்களை நிறைத்து, உண்மையான நெரிசலில் சோதித்துக் காட்டாமல் ஏர்வேவ் கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி எந்தத் தலைமைக் காவல் அதிகாரியையும் உள்துறை அமைச்சால் இணங்கவைக்க முடியாது.